போர்ச்சுகீஸ் டி.ஜி.ஐ: நாலு வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

நான் லண்டன்ல பிசியோ. ஸ்டாக்வெல், சவுத் லாம்பெத் ரோடு பக்கம் வேலை, அந்த ஏரியாவுக்கு லிட்டில் போர்ச்சுகல்னே பேரு. அதனால கீழ விழுந்துட்டேன், தலை சுத்துதுன்னு வர்ற பெரியவங்கள்ல போர்ச்சுகலைச் சேர்ந்த மடெய்ரா தீவுக்காரங்க நிறைய. அவங்களுக்கு டைனமிக் கெய்ட் இண்டெக்ஸ், அதாவது டி.ஜி.ஐ, நடக்கும்போது பேலன்ஸ் எப்படி இருக்குன்னு அளக்கிற டெஸ்ட், அதோட போர்ச்சுகீஸ் வெர்ஷனை நாலு வருஷமா யூஸ் பண்றேன்.

டெஸ்ட் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: மொத்தம் 8 ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், ஆக 24. 19க்கோ அதுக்குக் கீழயோ வந்தா விழுற ரிஸ்க் இருக்குன்னு எடுத்துக்குவோம். சாதாரணமா நடக்கிறது, வேகத்தை மாத்துறது, தலையைத் திருப்பிக்கிட்டே நடக்கிறது, சட்டுனு திரும்பி நிக்கிறது, ஷூ பெட்டியைத் தாண்டுறது, படி ஏறுறது, இப்படிப் போகும்.

முதல்ல நான் இங்கிலீஷ் ஷீட்டையே வச்சுக்கிட்டு போன்ல இண்டர்ப்ரெட்டரைப் பிடிச்சு ஓட்டிட்டு இருந்தேன். பெரிய தப்பு. தலை திருப்புற ஐட்டத்துல நடந்துட்டே இருக்கும்போது "வலது பக்கம் பாருங்க"ன்னு சொல்லணும், அது ஸ்பீக்கர்ல போய் மொழிமாறி வர்றதுக்குள்ள பாட்டி 6 மீட்டரையும் முடிச்சுட்டு சுவத்துக்கிட்ட நிக்கிறாங்க, இல்லன்னா போன் என்ன சொல்லுதுன்னு கேக்குறதுக்காக நடையை ஸ்லோ பண்றாங்க, ஸ்லோ பண்ணினா மார்க் போச்சு. இன்னொண்ணு, பெட்டியைத் தாண்டுறதுலயும் திரும்பி நிக்கிறதுலயும் வாயால எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தா 1 தான் போடணும்னு ஸ்கோரிங்லயே இருக்கு. அப்போ இங்கிலீஷ் புரியாதவங்களுக்கு பேலன்ஸ் நல்லா இருந்தாலும் நான் 1 போட்டுட்டு இருந்திருக்கேன். கால்ல இருக்கிற பிரச்சனையை அளக்கிறதா நெனச்சு காதுக்கு மார்க் போட்டிருக்கேன்.

எனக்கு இது உறைச்சது ஒரு பேஷன்ட்டால. இங்கிலீஷ்ல எடுத்தப்போ 14. எட்டு வாரம் எக்சர்சைஸ், அப்புறம் போர்ச்சுகீஸ்ல எடுத்தேன், 18. 3 பாயின்ட் ஏறினாலே நிஜமான மாற்றம்னு சந்தோஷப்படுவோம், இதுல 4. ரிப்போர்ட் எழுத உக்காந்தப்பதான் தோணுச்சு, இதுல எத்தனை அவங்க கால் சம்பாதிச்சது, எத்தனை நான் மொழியை மாத்தினதால வந்ததுன்னு. பிரிச்சுச் சொல்ல வழியே இல்ல. அன்னைலேர்ந்து ஸ்கோர் பக்கத்துலயே எந்த மொழில எடுத்தேன்னு எழுதிடறேன், மறுபடி எடுக்கும்போதும் அதே மொழிதான்.

இப்ப இருக்கிற ஷீட் பிரேசில்ல 2006ல வந்தது. அவங்க சும்மா டிக்ஷனரி வச்சு மாத்தல, போர்ச்சுகீஸுக்குக் கொண்டுபோய், திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டு, ஒரே பேஷன்ட்டுக்கு வேற வேற ஆள் மார்க் போட்டா ஒத்துவருதான்னும் பாத்திருக்காங்க. அதுல எனக்குக் குறை இல்ல. ஆனா பிரேசில் வாய் வேற, மடெய்ரா காது வேற. வலதுங்கிறதுக்கு "டிரெய்ட்டா". என் பிரேசில் கலீக் அதை "ஜிரெய்ட்டா"ம்பாங்க, நானும் அப்படியே கத்துக்கிட்டு வந்து சொன்னா தாத்தா ஒரு செகண்ட் முழிக்கிறாரு. அந்த ஒரு செகண்ட் தான் இந்த டெஸ்ட்டுல காசு. அதோட போர்ச்சுகல்ல "அ டிரெய்ட்டு"ன்னா நேரா போறது! நேரா நடந்துட்டே வலது பக்கம் பாக்கச் சொல்ற இடத்துல ரெண்டும் காதுல ஒண்ணாவே விழும், அதனால நேராங்கிறதுக்கு "எங் ஃப்ரெந்த்"ன்னு மாத்திக்கிட்டேன். அதேபோல அந்த கலீக் பழக்கத்துல "வோசே"ன்னு கூப்பிட்டதுக்கு ஒரு அம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு. நம்ம ஊர்ல பாட்டியை "நீ"ன்னு சொன்ன மாதிரின்னு வச்சுக்கங்களேன். "அ சென்யோரா"ன்னு மாத்தினதும் சரியாகிடுச்சு.

என் பங்குக்கு ஒரு கூத்து. "நில்லுங்க"ங்கிறதுக்கு "பாரெ", போர்ச்சுகல்காரங்க கடைசி எழுத்தை முழுங்கிடுவாங்க, கேக்க அசல் "பார்" மாதிரியே இருக்கும். தமிழ் மண்டைக்கு பார்னா பாக்கிறது! தலை திருப்புற ஐட்டத்துல "பார்"னு என்னையறியாம சொல்லிட்டேன், பாட்டி சமத்தா அங்கயே நின்னுட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, ஆனா அந்த ரவுண்டு வேஸ்ட்.

குறைன்னு சொல்லணும்னா, வெர்ட்டிகோ வந்த கொஞ்சம் இளவயசுக்காரங்களுக்கு இது ரொம்ப ஈஸி, 23, 24 வாங்கிட்டு இன்னும் தள்ளாடுதுன்னு சொல்வாங்க. அவங்களுக்கு இதையே கொஞ்சம் கஷ்டமாக்கின 30 மார்க் டெஸ்ட், எஃப்.ஜி.ஏ (ஃபங்ஷனல் கெய்ட் அசெஸ்மென்ட்) தான் சரி. அப்புறம் படிக்கட்டு ஐட்டம் மலைச்சரிவுலயே வளந்த மடெய்ரா ஆளுங்ககிட்ட எனக்கு அவ்வளவா எதையும் காட்டிக்கொடுக்கல, முட்டி தேஞ்சிருந்தாலும் கைப்பிடியைத் தொடாம ஏறிடறாங்க, அதே ஆளு சமதரையில தலையைத் திருப்பினா சாயறாங்க.

கமாண்ட் எல்லாத்தையும் ஒரு சின்ன அட்டைல தமிழ் எழுத்துலயே எழுதி பாக்கெட்ல வச்சிருக்கேன். என் உச்சரிப்பைக் கேட்டு நடுவுல சிரிச்சுட்டாங்கன்னா அந்த ஐட்டத்தை முதல்லேர்ந்து எடுக்கணும், வாரத்துக்கு ஒருத்தராவது சிரிக்கிறாங்க.