லண்டனுக்கு நேரே போவதா, டோஹாவில் மாறுவதா?

கொழும்பு வெள்ளவத்தையில் லண்டன் டிக்கெட் தேடும் பலருக்கும் இதே குழப்பம்தான்: நேரே போகும் ஸ்ரீலங்கனா, டோஹா வழியாகப் போகும் கட்டார் எயார்வேஸா?

நேரம்: ஸ்ரீலங்கனில் நேரே சுமார் 11 மணித்தியாலம். டோஹாவில் மாறினால் காத்திருப்பைப் பொறுத்து 14, 15, அதற்கும் மேல்.

விலை: மாறிப் போவது பல நேரம் மலிவு, எப்போதும் அல்ல. ஜூலை, ஓகஸ்ட் விடுமுறையிலும் டிசம்பரிலும் இரண்டுமே ஏறிவிடும். பொதி எடையையும் சேர்த்துப் பாருங்கள். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கட்டுகிறவர்களுக்கு 5 கிலோ கூடக் கிடைத்தாலே பெரிய விஷயம்.

இறங்கும் இடம்: ஸ்ரீலங்கன் ஹீத்ரோவுக்கு மட்டும். கட்டார் லண்டனோடு மன்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் போகிறது.

பறந்தால் சேரும் புள்ளிகள்: இரண்டும் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணிதான், எதில் போனாலும் ஒரே கணக்கில் சேர்க்கலாம்.

தாமதம்: இரு பறப்பும் ஒரே புக்கிங்கில் இருந்தால், முதலாவது பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று இருக்கை தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் முழுச் சுமையும் உங்கள் தலையில். எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

வயதான அம்மா அப்பா தனியே போகிறார்களா? யோசிக்கவே வேண்டாம், நேர் விமானம்தான். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலியும் கேட்டு வையுங்கள். மன்செஸ்டர் பக்கம் போகும் மாணவர்களுக்கு டோஹா வழிதான் சரி.