ஆன்லைனில் காப்பர் கிளாட் போர்டு வாங்கினால் முதலில் ஒன்றை எடைபோட்டுப் பாருங்கள்

வீட்டிலேயே பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். போன மாதம் ஓர் ஆன்லைன் கடையில் 10×10 செ.மீ. ஒற்றைப் பக்க போர்டு, அதாவது ஒரு பக்கம் மட்டும் செம்புப் படலம் ஒட்டிய பலகை, ஒரு கட்டு வாங்கினேன். எஃப்ஆர்4 கிளாஸ் எபாக்ஸி (கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பலகை), தடிமன் 1.6 மி.மீ., செம்பின் தடிமன் 35 மைக்ரான் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள், விலையும் அந்தத் தரத்துக்கான விலைதான். வந்தது வேறு சரக்கு.

சுற்றின் படத்தை டோனர் மையால் செம்பின் மேல் ஒட்டி, மை மூடாத செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடில் போட்டால் வழக்கமாக ஆகும் நேரத்தில் பாதியிலேயே செம்பு கரைந்துவிட்டது. அப்புறம் ஒரு கனெக்டரை மாற்றலாம் என்று ஈயத்தை உருக்கினால் பேட் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புப் பொட்டு), அதோடு சேர்ந்த தடம் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) எல்லாம் உரிந்து கையோடு வந்துவிட்டது. சந்தேகப்பட்டு ஒரு மூலையை உடைத்தேன். எஃப்ஆர்4 என்றால் ஓரம் முழுக்கக் கண்ணாடி நார் தெரியும். இதில் மேலும் கீழும்தான் கண்ணாடித் துணி, நடுவில் இருப்பது காகிதம். சிஇஎம்1 என்கிற மலிவு ரகம் இப்படித்தான் இருக்கும், மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

செம்பைச் சோதிக்க நகை எடைபோடும் சின்னத் தராசு போதும். ஒரு முழு போர்டை எடைபோட்டு, செம்பு மொத்தத்தையும் கரைத்து, கழுவி நன்றாகக் காயவைத்து மறுபடி எடைபோடுங்கள். 35 மைக்ரான் என்றால் சுமார் 3.1 கிராம் குறைய வேண்டும். எனக்குக் குறைந்தது 1.6 கிராம், அதாவது செம்பு 18 மைக்ரான்தான். தடிமன் பாதியானால் தடத்தின் மின்தடை இரண்டு மடங்கு, அதே மின்னோட்டத்துக்குச் சூடும் இரண்டு மடங்கு. எல்இடி மினுக்குவதற்குப் பரவாயில்லை, மோட்டாரை இயக்கும் டிரைவர் சுற்றில் 3 ஆம்பியர் ஓடும் தடத்துக்கு இது ஆபத்து.

கடைக்காரர் முதலில் "எஃப்ஆர்4-க்கு இணையானதுதான் சார்" என்றார். படங்களை அனுப்பியதும், உடைத்த போர்டைத் திரும்ப எடுக்க முடியாதாம். கட்டில் மிச்சமுள்ள, கை படாத போர்டுகளையும் எடுக்க மறுக்கிறார், அதுதான் எனக்குக் கோபம். இப்போது விளம்பரத்தில் 35 மைக்ரான் என்ற வரியே இல்லை. நல்லவேளை, ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. நீங்களும் வாங்கும்போதே எடுத்து வையுங்கள்.

2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன், இதே மாதிரி போர்டு கிடைத்தவர்கள் உங்கள் எடைக் கணக்கையும் போடுங்கள்.