ஹெர்னியாவை ஜிம்மில் சரிசெய்வதாகச் சொன்னால் நம்பாதீர்கள்

வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். நின்றால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். தெப்பக்குளம் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்த அன்றே மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், எதையும் மறைக்கவில்லை.

"இது ஹெர்னியாதாண்ணே, குடலிறக்கம். ஆபரேஷன்லாம் எதுக்கு? வயித்துத் தசை இறுகிட்டா தானா உள்ள போயிரும். இதுக்குன்னே மூணு மாசப் பயிற்சி இருக்கு" என்றார். பயிற்சிக்கு 12,000 ரூபாய், பெல்ட்டுக்குத் தனியாக 1,800. ஆபரேஷன் என்றாலே எனக்குப் பயம். கட்டிவிட்டேன்.

ஏழாவது வாரம் டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் எடையைக் குனிந்து தூக்கி நிமிரும் பயிற்சியில், 80 கிலோ போட்டு, மூச்சை அடக்கித் தூக்கச் சொன்னார். சுருக்கென்று வலித்தது. அன்று ராத்திரி படுத்தும் வீக்கம் உள்ளே போகவில்லை, கல் மாதிரி இறுகிவிட்டது. போன் செய்தால், "பெல்ட்ட இறுக்கிக் கட்டிட்டுப் படுங்கண்ணே, காலைல சரியாயிரும்" என்கிறார். நான் வாந்தி எடுக்க ஆரம்பித்ததும் மனைவி 108-ஐக் கூப்பிட்டுவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் விடிவதற்குள் அறுவை சிகிச்சை. குடல் தப்பியது.

அப்புறம் டாக்டரம்மா விளக்கினார். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை வேட்டிக் கிழிசல் மாதிரி. பெரியவர்களுக்கு அது உடற்பயிற்சியால் மூடாது. தைத்துத்தான் மூட வேண்டும், பெரும்பாலும் வலை வைத்து. மூச்சை அடக்கி எடை தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, குடலை அந்த ஓட்டை வழியாகத் தள்ளுகிறது. சிக்கிய குடலுக்கு ரத்தம் போகாவிட்டால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். வெளியே வந்த வீக்கத்தின் மேல் பெல்ட்டை இறுக்குவது இன்னும் ஆபத்து. சின்னதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் சிலருக்கு உடனே அறுவை தேவைப்படாது. ஆனால் அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் சர்ஜன், ஜிம் மாஸ்டர் அல்ல.

வீக்கம் உள்ளே போகாமல் வலிக்கிறதா, நிறம் மாறுகிறதா, வாந்தி வருகிறதா, வாயு பிரியவில்லையா? இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க தப்பாத் தூக்குனீங்க" என்று கைவிரித்துவிட்டார். ரசீது தரவில்லை. ஆனால் ஜிபேயில் அனுப்பிய பதிவு இருக்கிறது, அதை வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.

அதே ஜிம்முக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவனும் அதே பெல்ட்டை வாங்கியிருக்கிறான். நேற்று அவன் வீட்டுக்கே போய் என் தையலைக் காட்டினேன். திங்கட்கிழமை அவனுடைய அப்பா அவனை சர்ஜனிடம் அழைத்துப் போகிறார்.