ஏழு சகோதரிகள் பாறை நடை: நாயோடு போகலாமா?

ஏழு சகோதரிகள் (Seven Sisters) என்பது இங்கிலாந்தின் தென்கரையில் வரிசையாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை மேடுகள். அவற்றின் மேல் எக்ஸீட் என்ற ஊரிலிருந்து பர்லிங் கேப் வரை நடை சுமார் 6 கி.மீ. தூரம் சின்னதுதான், ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மனிதருக்கும் நாய்க்கும் தொடை கழன்றுவிடும். பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் எண் பேருந்தில் நாயை ஏற்றலாம், எக்ஸீட்டில் இறங்கலாம்.

முக்கியமான ஆபத்து விளிம்பு. பெரும்பாலும் வேலியே இல்லை. சுண்ணாம்புப் பாறை அடியில் அரிக்கப்பட்டு, மேலே புல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் கெட்டித் தரை போலவே தெரியும். கடற்காகத்தைத் துரத்துகிற நாய் அங்கே பிரேக் பிடிக்காது. அதனால் 2 மீட்டர் கயிறு. இழுத்தால் நீள்கிற கயிறு வேண்டவே வேண்டாம். வழியில் ஆடுகள் மேய்வதும் இன்னொரு காரணம். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும்.

மேட்டில் நிழலும் இல்லை, குடிநீரும் இல்லை. நாய்க்கென்றே ஒரு லிட்டர் தண்ணீர், மடக்குக் கிண்ணம். வெயில் காலத்தில் விடிகாலையில் போவதே நல்லது. மழை பெய்த மறுநாள் ஈரச் சுண்ணாம்பு சோப்பு மாதிரி வழுக்கும். வீடு திரும்பியதும் காது மடல், விரல் இடுக்குகளில் உண்ணி தேடுங்கள்.

வயதான நாய் என்றால் மேட்டை விட்டுவிட்டு, எக்ஸீட்டிலிருந்து கக்மியர் ஆற்றோரச் சமதளப் பாதையில் கடல்வரை போய்த் திரும்பலாம். காட்சியும் பெரிதாகக் குறையாது.