படகு டிரெய்லரின் பங்க் பலகைகள்: நான்கு வருடம் கழித்து எது நின்றது, எது போனது

என்னுடையது 14 அடி அலுமினியப் படகு, வெல்டிங் செய்தது. டிரெய்லர் பழையது. படகின் அடிப்பாகத்தைத் தாங்கி நீளவாக்கில் கிடக்கும் இரண்டு பலகைகளைத்தான் பங்க் என்கிறோம். வாங்கிய முதல் வருடமே அதன் கார்பெட் நைந்து, உள்ளே மரம் விரலால் அழுத்தினால் உள்வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. புது செட் வாங்காமல் நானே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். நான்கு பருவங்கள் ஓடிவிட்டன.

முதலில் மரம். மக்காமல் இருக்க மருந்தேற்றிய மரத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த மருந்துகளில் பலவற்றில் செம்பு இருக்கிறது. ஈரத்தோடு செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். நடுவில் கார்பெட் இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் நனைந்த கார்பெட் அந்தச் செம்பைப் படகுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எனவே மருந்தேற்றாத நல்ல பலகையாக எடுத்து, எபாக்சி என்ற, தண்ணீர் புகாத பிசின் பூச்சை மூன்று கை பூசினேன். வெட்டிய முனைகளுக்கும் போல்ட் துளைகளின் உட்புறத்துக்கும் கூடுதலாக ஒரு கை. மரம் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் முனை வழியாகத்தான். இந்த ஒரு வேலைக்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்து கார்பெட். பழையதைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது: அடிப்பக்கமும் சேர்த்துச் சுற்றி மூடியிருந்ததால் உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியே போக வழியே இல்லை. புதிதில் மேல்புறத்தையும் இரு பக்கவாட்டுகளையும் மட்டும் மூடி, ஓரத்தை அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மடித்து ஸ்டேப்பிள் அடித்தேன். அடிப்பக்கத்தின் நடுப்பகுதி திறந்தே கிடக்கிறது. ஆற்றில் போட்டு எடுத்த மறுநாளே பலகை காய்ந்துவிடுகிறது. ஸ்டேப்பிளில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணினேன். வீட்டில் கிடந்த சாதா இரும்பு ஸ்டேப்பிள், ஒரே பருவத்தில் துருப்பிடித்து உதிர்ந்தது. அப்புறம் மொத்தத்தையும் பிடுங்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடித்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போனது.

இரண்டாம் வருடம் கொஞ்சம் பேராசை. படகை இன்னும் லேசாக இறக்கலாமே என்று கார்பெட் மேல் கெட்டியான பாலித்தீன் பட்டைகளை வைத்துத் திருகினேன். திருகின் தலை பட்டைக்குள் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் படகின் அடியைக் கீறிவிடும். அதில் கவனமாகத்தான் இருந்தேன். ஆனால் துளைகளை அளவாகப் போட்டுவிட்டேன். இந்த வகை பிளாஸ்டிக் வெயிலில் நிறையவே நீளும். 2 மீட்டர் பட்டை 30 டிகிரி கூடினால் அரை சென்டிமீட்டருக்கு மேல். இரு முனையும் இறுகப் பிடித்திருந்ததால் நடுவில் அப்பளம் போல எழும்பி நின்றது. ஒரு முனையை மட்டும் இறுக்கி, மற்ற துளைகளை நீள்வட்டமாக்கிய பிறகு அடங்கியது.

வழுக்கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டை போட்ட முதல் நாள், பழைய பழக்கத்தில், படகை இறக்கும் சரிவின் மேலேயே விஞ்ச் கொக்கியை (படகின் முன்பக்கத்தை டிரெய்லரோடு இழுத்துப் பிடித்திருப்பது) கழற்றிவிட்டேன். டிரெய்லரைப் பின்னால் எடுத்து பிரேக் போட்டதும் படகு பாதி நீளத்துக்கு நழுவி, பின்பக்கம் சிமெண்ட் தரையில் போய் இடித்தது. மோட்டாரைத் தூக்கி வைத்திருந்ததால் அது தப்பித்தது. படகில் ஒரு நெளிவு இன்னும் இருக்கிறது. இப்போது டிரெய்லர் தண்ணீருக்குள் போகும்வரை கொக்கியைத் தொடுவதே இல்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு சின்ன படகுக்குப் பட்டை அவசியமே இல்லை. கார்பெட் நனைந்தாலே போதுமான அளவு நழுவும். கனமான படகுக்கோ சரிவு குறைவான துறைக்கோ வேண்டுமானால் பார்க்கலாம்.

மிச்சமெல்லாம் சில்லறை வேலைகள். பின்னால் இரண்டு பக்கமும் பிவிசி குழாயை நிமிர்த்தி வைத்தது தனியாகப் படகு ஏற்றுகிறவருக்குப் பெரிய உதவி, காற்றடிக்கும் நாளில் டிரெய்லர் எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். பலகை படகின் பின்பலகை வரைக்கும் எட்டுகிறதா என்பதையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். மோட்டாரின் பாரம் அங்கேதான். பலகை முன்னாலேயே முடிந்துவிட்டால் அடிப்பாகம் நாளடைவில் வளைந்துவிடும். மரம் காயக் காயச் சுருங்குவதால் போல்ட்டுகளை முதல் மாதத்திலேயே ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டியிருந்தது.

போன வாரம் கார்பெட்டைக் கழற்றிப் பார்த்தேன். வலது பலகை புத்தம் புதிதாக இருக்கிறது. இடது பலகையின் பின் முனையில் மட்டும் லேசாகக் கறுத்து, ஸ்க்ரூடிரைவர் நுனி இறங்குகிறது. யோசித்தால் ஞாபகம் வருகிறது: பூச்சு காய்ந்த பிறகு நீளம் இடித்ததால் அந்த முனையில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்தேன். அறுத்த இடத்தில் திரும்ப எபாக்சி தடவவில்லை.