16.5 மில்லிமீட்டரில் வந்து சேர்ந்த செட்டிநாடு ஸ்டேஷன்: மாதிரி ரயில் தளம் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கானாடுகாத்தானை ஒட்டியுள்ள செட்டிநாடு ரயில் நிலையத்தில் என் அப்பா பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடும் பாயிண்ட்டுகளை மாற்றுபவராக, வேலை பார்த்தவர். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்குள், 1970-களில் இருந்த அந்த நிலையத்தை மீட்டர் கேஜ் பாதை (இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலமுள்ளது), கைகாட்டி, கண்மாய்க்கரை ஆகியவற்றோடு 8 அடிக்கு 4 அடி அளவில், சிறு ரயில் ஓடும் ஒரு மாதிரித் தளமாகச் செய்து வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒய்.பி. வகை நீராவி எஞ்சினையும் மூன்று அரக்குச் சிவப்புப் பெட்டிகளையும் இரண்டு ஆண்டுகள் உழைத்து ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில் நானே செய்து முடித்திருந்தேன். தளத்தைக் கட்டவும் வண்ணம் பூசவும் இடமும் நேரமும் இல்லாததால், இவ்வேலையைத் தொழிலாகச் செய்வதாகச் சொன்ன வெளியூர்க்காரர் ஒருவரிடம் 1,85,000 ரூபாய்க்குப் பேசி, முன்பணமாக 60,000 ரூபாய் அனுப்பினேன். மீதித் தொகையையும் பொருளைக் கண்ணால் பார்க்கும் முன்பே கொடுத்துவிட்டேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. ஆனால் நடந்ததை முழுமையாகச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் நம் ஊர்களில் இருப்பவர்கள் சிலரே, ஏமாற்றப்பட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

முதல் தவறு பாதையின் அகலத்தில் இருந்தது. உண்மைப் பொருளை 87-இல் ஒரு பங்காகச் சுருக்குவதை எச்.ஓ. அளவு என்கிறோம். அந்த அளவில் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதை, 1435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையைக் குறிப்பது. நம்முடைய மீட்டர் கேஜ் 1000 மி.மீ. என்பதால், 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வரும், அதற்கென்றே எச்.ஓ.எம். என்ற பெயரில் 12 மி.மீ. பாதை விற்கப்படுகிறது. அது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே வரவேண்டியிருப்பதால் விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலையையும் சேர்த்துத்தான் அவர் என்னிடம் கணக்குச் சொன்னார். வந்து சேர்ந்ததோ 16.5 மி.மீ. பாதை. பெட்டியைப் பிரித்ததும், நான் அளவுகோலை எடுப்பதற்கு முன்பே அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம மீட்டர் கேஜ் இல்லையேப்பா" என்றார். என் எஞ்சினைத் தூக்கி வைத்தபோது அதன் சக்கரங்கள் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே கட்டைகளின் மேல் விழுந்தன.

தளம் செய்தவரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, "எச்.ஓ. என்றால் 16.5 தான் சார், 12 எல்லாம் யாரும் செய்வதில்லை" என்றார். 12 மி.மீ. என்று அவரே எழுதி அனுப்பிய செய்தியைத் திருப்பி அனுப்பிய பிறகு, பதில் வருவது நின்றுவிட்டது.

மதுரையில் இருக்கும் நண்பர் தம்முடைய 16.5 மி.மீ. எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து உதவினார். அதை ஓட்டிப் பார்த்தபோதுதான் மற்றக் குறைகள் தெரிந்தன. நான் வரைந்து கொடுத்த திட்டத்தில் பாதை முழுவதும் சமதளம். கண்மாய்க் கரையைத் தவிர மேடு என்று சொல்ல எதுவும் இல்லாத ஊர் எங்களுடையது. தளம் செய்தவரோ என்னைக் கேட்காமலே, அழகுக்காக என்று, ஒரு பாதையை மற்றொன்றின் மேல் பாலம் கட்டிக் கடக்க வைத்திருந்தார். கீழே ரயில் போவதற்கு ஏறத்தாழ 7.5 செ.மீ. உயரம் தேவை. மாதிரி ரயில்களுக்கு ஏற்றது என்று பழகியவர்கள் சொல்லும் ஏற்றம் ஒரு மீட்டருக்கு 2 செ.மீ.; அந்தக் கணக்கில் அந்த உயரத்தை எட்ட 375 செ.மீ. நீளப் பாதை வேண்டும். அவர் கொடுத்திருந்தது 150 செ.மீ. மட்டுமே. மீட்டருக்கு 5 செ.மீ. ஏற்றத்தில் நண்பரின் எஞ்சின் இரண்டு பெட்டிகளோடு பாதி வழியில் நின்று, சக்கரம் மட்டும் சுழன்றது.

சமதளத்திலும் அது ஒழுங்காக ஓடவில்லை. தண்டவாளத்தின் வழியே எஞ்சினுக்கு மின்சாரம் கொடுக்க, தளம் முழுவதற்கும் ஒரே இடத்தில் ஒரே ஜோடி ஒயர் மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் தகட்டு இணைப்புகள் வழியாகவே மின்சாரம் சுற்றி வரவேண்டியிருந்ததால், மறுகோடிக்குப் போகும்போது எஞ்சின் தளர்ந்துபோனது. மூன்றடிக்கு ஒரு முறையாவது கீழிருந்து ஒயரைப் பற்றவைத்து மேலே கொண்டுவருவது இவ்வேலையின் பாலபாடம். தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருநிறம் பூசியவர், காய்வதற்கு முன் மேற்பரப்பைத் துடைக்கவும் இல்லை. வண்ணம் படிந்த இடத்தில் மின்சாரம் எப்படிப் பாயும்? ஜல்லியை ஒட்டுவதற்குப் பசையைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சேர்த்து, பாயிண்ட்டின் நகரும் நாக்குகளின் பக்கம் போகாமல் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இவர் கெட்டிப் பசையை அப்படியே ஊற்றியிருந்ததால் நான்கு பாயிண்ட்டுகளில் மூன்று இறுகிவிட்டன. வாழ்நாளெல்லாம் பாயிண்ட் மாற்றிய மனிதர் தம் விரலால் அதை இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கையை எடுத்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு ஏற்பட்ட பண நஷ்டத்தைவிட அதுவே இன்றைக்கும் மனத்தை வருத்துகிறது.

வண்ணவேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க் கரைக்கு வைத்த தெர்மாகோலின் மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததால் அது கரைந்து குழி குழியாகிவிட்டது. நிலையச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய மங்கலான தோற்றம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் மஞ்சள் வந்தது. கானாடுகாத்தானிலேயே எடுத்து, சலித்து, காயவைத்து நான் அனுப்பிய செம்மண்ணைக் காணவில்லை. அதற்குப் பதிலாகப் பச்சைப் புல்லும், பனைக்கும் கருவேலத்துக்கும் பதிலாகக் குளிர்நாட்டு ஊசியிலை மரங்களும் இருந்தன.

இவ்வளவையும் பணம் கொடுக்கும் முன் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று நண்பர் கேட்டார். எனக்குக் காட்டப்பட்டவை எல்லாம் பக்கவாட்டில் எடுத்த படங்கள். அந்தக் கோணத்தில் பாதையின் அகலம் தெரியாது. தண்டவாளத்தின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து, இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளும் தெரியும்படி நேர்மேலிருந்து ஒரு படம் கேட்டிருந்தால் அன்றைக்கே உண்மை வெளிப்பட்டிருக்கும். எல்லாப் பாயிண்ட்டுகளையும் இருபுறமும் மாற்றி, ரயில் முழுச் சுற்று ஓடுவதை இடையில் வெட்டாமல் எடுத்த காணொளியையும் கேட்டிருக்க வேண்டும். இவற்றைவிடச் சிறந்தது, நேரில் போய் நம் எஞ்சினை நாமே ஓட்டிப் பார்த்தபின் மீதித் தொகையைக் கொடுப்பது.

பணத்தைத் திருப்பித் தரும்படி எழுதிய இரண்டு பதிவுத் தபால்களுக்கும் பதில் இல்லாததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிவிட்டுப் போனது எனக்கு உதவியாக இருந்தது. பில் வாங்காமல் விட்டது என் பிழை; அளவுகளை அவர் எழுதி அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருந்ததே இப்போது எனக்கு இருக்கும் ஒரே சான்று.

எனக்கு அனுப்பப்பட்ட காணொளியின் நீளம் நாற்பது விநாடி. அதே காணொளி, வேறு ஒரு நிலையத்தின் பெயரோடு, கோயம்புத்தூரில் ஒருவருக்கும் போயிருப்பது சென்ற மாதம் தெரியவந்தது. உங்களுக்கு வந்த காணொளியிலும் ரயில் இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை போய், பாலத்துக்குச் சற்று முன்னால் படம் நின்றுவிட்டால், மீதித் தொகையை அனுப்பாதீர்கள்.