காப்பர் பவுடரா வயரா, நான் ஏன் வயருக்கு மாறுனேன்

ஜீரோ வேலன்ட் காப்பர், அதாவது உலோகக் காப்பரை வெச்சு லிவிங் ரேடிக்கல் பாலிமரைசேஷன் (சங்கிலி நீளத்தைக் கட்டுக்குள்ள வெச்சு பாலிமர் வளக்குற முறை) ஓட்டுறவங்களுக்கு (இதுக்கு எஸ்இடி-எல்ஆர்பி, சாரா ஏடிஆர்பின்னு ரெண்டு பேரு, எதுன்னு நீங்களே வெச்சுக்கோங்க, இது எப்படி நடக்குதுங்கிற பெர்செக், மத்யஷெவ்ஸ்கிங்கிற ரெண்டு வேதியியல் ஆய்வாளர்களோட சண்டைக்குள்ள நான் வரல) முதல் கேள்வியே பவுடர் போடவா வயர் போடவாங்கிறதுதான். பவுடர் வேகம், வயர் கொஞ்சம் நிதானம், விலை ரெண்டுமே பெரிய விஷயமில்ல.

ஆனா எவ்ளோ வேகம்னு பாருங்க. 2008ல பெர்செக் குரூப் மெத்தில் அக்ரிலேட்ங்கிற மோனோமரை டிஎம்எஸ்ஓங்கிற கரைப்பான்ல 25 டிகிரில ஓட்டி, துகள் சைஸை 425 மைக்ரான்ல இருந்து 50 நானோமீட்டர் வரைக்கும் கொறச்சாங்க, ரியாக்ஷன் வேகம் ஏறுனது கிட்டத்தட்ட 10 மடங்கு. உருண்டைன்னு வெச்சு கணக்கு போட்டா அதே எடைக்கு பரப்பு 8500 மடங்கு கூடியிருக்கணும்! மீதி எங்க போச்சு? நுண்பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, மேல ஆக்ஸைடு படியுது, அதுபோக ஆக்டிவேஷன் (காப்பர் சங்கிலியைக் கிளப்பி விடுறது) கூடக்கூட, அதுக்கு பிரேக் போடுற காப்பர் டூவும் (ரெண்டு எலக்ட்ரான் இழந்த காப்பர்) சேந்துக்கிட்டே வருது.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது இந்த பரப்புதான். பவுடர்ல நான் போட்டது எத்தனை சதுர சென்டிமீட்டர்னு எனக்கே தெரியாது. ஒரே பாட்டில்தான், தொறந்த புதுசுல ஒரு மணி நேரத்துல முடிஞ்ச ரன் ஆறு மாசம் கழிச்சு அரை நாள் இழுத்துச்சு, நான் லிகண்ட் (காப்பரைப் பிடிச்சுக்குற துணை மூலக்கூறு) கெட்டுப்போச்சுன்னு அதைத் திட்டிக்கிட்டு இருந்தேன். வயர்னா 20 கேஜ், 0.81 மில்லிமீட்டர் தடிமன், 10 சென்டிமீட்டர் வெட்டுனா சுமார் 2.5 சதுர சென்டிமீட்டர், ஸ்கேல் இருந்தா போதும். ஆசிட்ல ஒரு முக்கு முக்கி ஆக்ஸைடை எடுத்துட்டு ஸ்டர் பார் (கரைசலைக் கலக்குற காந்தக் குச்சி) மேல சுத்திட்டா முடிஞ்சுது. அடுத்த ரன்னுக்கும் அதே வயர்தான்.

நிறுத்துறதும் சுலபம். காப்பர் காந்தத்துல ஒட்டாது, ஆனா ஸ்டர் பார் ஒட்டுமே, வெளிய ஒரு காந்தத்தை வெச்சு ப்ளாஸ்க் சுவரோட மேல இழுத்தா வயரும் கூடவே வந்துரும், ரியாக்ஷன் கிட்டத்தட்ட நின்னுரும். பவுடர்னா அதை வடிகட்டி எடுக்க அலுமினா நிரப்புன குழாய் முன்னாடி நின்னுக்கிட்டு அந்த கொழகொழ கரைசல் சொட்டு சொட்டா எறங்குறதப் பாத்துக்கிட்டிருக்கணும்.

ஒரு மில்லி சைஸ் குட்டி கண்ணாடிக் குப்பில ஓட்டும்போது மட்டும் இப்பவும் பவுடர்தான் போடுறேன், அதுல சுத்துன ஸ்டர் பார் நுழையாது. மெத்தக்ரிலேட்ங்கிற வேற மோனோமர் வகைல நான் ஓட்டுனது ரெண்டே ரன், அத வெச்சு யாருக்கும் வயர்தான்னு சொல்லமாட்டேன்.